பலாலியிலிருந்து பறக்குமுன்: தூரக் கணக்கில் நேரும் தவறுகள்

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். இணையத்தில் இந்தத் தூரத்தைக் கண்டவுடன் பலர் அதை 800 ஆல் வகுத்துவிடுகிறார்கள். அரை மணி நேரம்கூட வராது. அதை நம்பி உறவினரை முன்கூட்டியே சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வரச் சொன்னால், வெயிலில் காத்து நிற்பது அவர்கள்தான்.

800 என்பது ஜெட் விமானத்தின் வேகம். பலாலி – சென்னை வழியில் பறந்துவருவது ஏடிஆர் 72, சுழல்விசிறியால் (புரொப்பெல்லர்) இயங்கும் விமானம். உயரத்தில் நிலைகொண்ட பிறகும் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் அது போகும். மேலெழும்போதும் இறங்கும்போதும் இன்னும் மெதுவு. போதாக்குறைக்கு, ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும். சென்னையில் தரையிறங்க முறை வரும்வரை பொறுக்கவும் நேரலாம். பயணச்சீட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரைக்குமானது. அட்டவணையில் ஒரு மணிக்கு மேல் போட்டிருப்பது அதனால்தான். அட்டவணையையே நம்புங்கள்.

திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 184 கிலோமீட்டர், சென்னைத் தூரத்தில் பாதி. நேரமும் பாதியாகும் என்று நினைப்பது அடுத்த தவறு. கூடுதலான 171 கிலோமீட்டரை ஏடிஆர் சுமார் 20 நிமிடத்தில் கடந்துவிடும். ஏற்றம், இறக்கம், ஊர்தல் ஆகியவற்றுக்குப் போகும் நேரம் இரண்டு வழிக்கும் பெரிதாக மாறாது. பறப்பு குறுகக் குறுக, இந்த மாறாத பங்கே பெரிதாகிறது.

சில இணையக் கணிப்பான்கள் இதற்காக எல்லாப் பறப்புக்கும் அரை மணியைக் கூட்டிக் காட்டும். அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர்தான். சிறு விமானம் இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும். காற்று வாய்த்த நாளில் 53 விநாடியில் போனதும் உண்டு. அரை மணி கூட்டும் கணக்கு அங்கே எவ்வளவு அபத்தம் என்று பாருங்கள்.

மைலிலும் கவனம் தேவை. வான்வழித் தூரத்தைக் கடல் மைலில் தருவதே வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சென்னைக்கு 192 என்று கண்டு, அதைத் தரை மைலாக எண்ணி 1.609 ஆல் பெருக்கினால் 309 கிலோமீட்டர்தான் வரும். 46 கிலோமீட்டர் காணாமல் போய்விடுகிறது.

இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம். மாலைதீவு அரை மணி பின்னால் இருப்பதால், அங்கே போகிறவர்கள் புறப்படும் நேரத்தை இறங்கும் நேரத்திலிருந்து அப்படியே கழிக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அதிகச் செலவு வைப்பது, "கொழும்பு" என்ற பெயரை மட்டும் பார்ப்பது. கொழும்புக்கு இரண்டு விமான நிலையங்கள். பலாலியிலிருந்து கட்டுநாயக்க சுமார் 290 கிலோமீட்டர், இரத்மலானை 330. ஒன்று நகருக்கு வடக்கே, மற்றது தெற்கே. இரத்மலானையில் இறங்கி, கட்டுநாயக்கவில் வெளிநாட்டு விமானம் பிடிக்க வேண்டுமென்றால், பெட்டிகளோடு கொழும்பு நெரிசலைக் கடந்தாக வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கச் சொல்வார்கள். அந்த மூன்று மணியோடு வீதிப் பயண நேரத்தையும் சேர்த்த பிறகே பலாலியில் எந்த விமானம் ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். யாழ். நகரிலிருந்து பலாலிக்குப் போகும் சுமார் 16 கிலோமீட்டரையும் அந்தக் கணக்கில் எழுத மறக்காதீர்கள்.