நீக்கிய டேட்டாசோர்ஸ் திரும்பத் திரும்ப முளைத்தது: என் அனுபவம்

ஐபிஎம்மின் அப்ளிகேஷன் சர்வரான வெப்ஸ்பியரில் பழைய டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்புக்கான அமைப்பு) ஒன்றை, அதன் கட்டளைவரிக் கருவியான டபிள்யூஎஸ்அட்மின் (wsadmin) ஸ்கிரிப்ட் மூலம் நீக்கினேன். பிழை எதுவும் வரவில்லை, சேவ் ஆனது. ஆனால் சற்று நேரத்தில் அது மறுபடி வந்து நிற்கும். மூன்று நாள் போனது.

மாற்றத்தைச் சேமிக்கும் அட்மின்கான்ஃபிக்.சேவ் கட்டளை விடுபட்டதோ என்று பார்த்தேன், இல்லை. தற்காலிகக் கோப்புகள் இருக்கும் டபிள்யூஎஸ்டெம்ப் கோப்புறையைக் காலி செய்தேன், பலனில்லை.

விடை, இணைந்ததும் திரையில் ஓடும் முதல் வரியிலேயே இருந்தது. ப்ராசஸ் வகை 'டெப்லாய்மென்ட் மேனேஜர்' (எல்லா நோடுகளையும், அதாவது சர்வர் குழுக்களையும், நிர்வகிக்கும் மையம்) என்று வரவேண்டிய இடத்தில் 'நோட் ஏஜென்ட்' (ஒரு நோடை மட்டும் கவனிப்பது). ஸ்கிரிப்டில் மேனேஜரின் 8879-க்குப் பதில் ஏஜென்ட்டின் 8878 போர்ட். நோட் ஏஜென்ட்டில் மாறுவது அந்த நோடின் நகல் மட்டும்தான். அடுத்த சிங்க்கில் (ஒத்திசைவில்) மேனேஜரிடம் உள்ள மூலப் பிரதி அதை அழித்து எழுதிவிடும்.

போர்ட்டைத் திருத்திய பிறகும் நீக்கும் கட்டளையான ரிமூவ் அடம்பிடித்தது. அதே பெயர் செல் (நோடுகள் எல்லாம் சேர்ந்தது), நோட் இரண்டு ஸ்கோப்பிலும் (எல்லையிலும்) இருந்ததால், ஐடியைத் தேடித் தரும் கெட்ஐடி இரண்டு வரி தந்தது; ரிமூவுக்கு ஒரு ஐடி மட்டுமே கொடுக்கலாம். ஸ்ப்ளிட்லைன்ஸ் போட்டு வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அட்மின்கான்ஃபிக்.ஷோவில் சரிபார்த்து, தேவையற்றதை மட்டும் நீக்கினேன். பிறகு சேவ், அதன்பின் நோட்சிங்க் எம்பீனில் (ஒத்திசைவை இயக்கும் நிர்வாகப் பொருள்) சிங்க். 'ட்ரூ' வந்தது. டேட்டாசோர்ஸ் அதற்குப் பிறகு தலைகாட்டவில்லை.