வயதான, நோயுற்ற பூனை ராத்திரியில் நிம்மதியாகப் படுக்க: படிப்படியான செய்முறை

பகலெல்லாம் மூலையில் சுருண்டு கிடந்த கிழப்பூனை, ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தின் நடுவில் நின்று அடித்தொண்டையில் கத்துகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் நம்மையே வெறிக்கிறது, தண்ணீர்க் கிண்ணம் வரை போகிறது, திரும்பி வந்து மறுபடி கத்துகிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பூனை வலியை மறைக்கும் பிராணி. ராத்திரிக் கத்தலுக்குப் பின்னால் பெரும்பாலும் உடம்பில் ஒரு காரணம் இருக்கும்.

படி 1: முதலில் டாக்டரைப் பாருங்கள்

பத்து வயதைத் தாண்டிய பூனை புதிதாக ராத்திரியில் கத்த ஆரம்பித்தால் வழக்கமாகச் சந்தேகிக்க வேண்டியவை: சிறுநீரகக் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, உயர் ரத்த அழுத்தம், மூட்டு வலி, காது அல்லது கண் மங்குவது. எல்லாம் சரியாக இருந்தும் இடம் தெரியாமல் தடுமாறினால், மனிதர்களுக்கு வருவதைப் போன்ற மறதி நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), டி4 (தைராய்டுக்கானது), சிறுநீர்ப் பரிசோதனை மூன்றோடு ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 160-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 180-ஐத் தொட்டால் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து. கத்துவதை ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். டாக்டர் மேசையில் பூனை கத்தாது, உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும்.

வீட்டு மருந்துப் பெட்டியில் கை வைக்கவே கூடாது. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து ஆகியவையும் விஷம்தான்.

படி 2: ஒரே அறைக்குள் எல்லாம்

ராத்திரிக்கு வீடு முழுவதும் வேண்டாம். படுக்கை, தண்ணீர், லிட்டர் தொட்டி (பூனை மலஜலம் கழிக்கும் மண் தொட்டி) மூன்றும் ஏழெட்டு அடிக்குள் இருக்கும்படி ஓர் அறையை ஒதுக்குங்கள். ஆனால் சாப்பாட்டையும் லிட்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். அறையின் எதிரெதிர் ஓரங்களில் இருக்கட்டும். லிட்டர் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். பார்வை மங்கிய பூனைக்கு முழு இருட்டு பெரிய பயம். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். வழவழப்பான டைல்ஸில் கிழட்டுக் கால்கள் வழுக்கும். அது நடக்கும் வழி முழுக்க ரப்பர் அடி வைத்த மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள்.

படி 3: படுக்கை

சுவர் உயரமான கூடை வேண்டாம். தட்டையான அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே நான்கு விரற்கடை உயரத்துக்கு மெத்தைத் துண்டோ மடித்த போர்வையோ வையுங்கள். அதன்மேல் பழைய காட்டன் புடவை. எலும்பு தெரியும் பூனைக்கு மெல்லிய விரிப்பு போதாது, இடுப்பெலும்பு தரையில் முட்டும். உங்கள் வாசம் உள்ள ஒரு துணியையும் சேர்த்துப் போடுங்கள். சிறுநீர் கசியும் பூனை என்றால் புடவைக்கு அடியில் குழந்தைகளுக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்.

குளிர் காலத்தில் ஹாட் வாட்டர் பேக்கில் கை தாங்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சுற்று துண்டு சுற்றி, படுக்கையின் பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துபோக மறுபாதி காலியாக இருக்க வேண்டும். மின்சார ஹீட்டிங் பேட் வேண்டாம்; எழுந்து நகர முடியாத பூனைக்கு அது மெல்லமெல்ல வெந்த புண்ணை உண்டாக்கும். மே மாதப் புழுக்கத்தில் நேர்மாறு: வெறும் தரையிலும் ஓர் இடம் விட்டு வையுங்கள், மின்விசிறி நேரே மேலே படாமல் ஓடட்டும். கொசுவர்த்திப் புகை நுரையீரலை உறுத்தும், அதனால் ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள்.

படி 4: லிட்டர் தொட்டி

ராத்திரித் தொல்லையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூட்டு வலி உள்ள பூனை தொட்டியின் விளிம்பருகே வந்து நிற்கும், முன்காலைத் தூக்கும், யோசிக்கும், கீழே வைக்கும். கடைசியில் பக்கத்திலேயே தரையில் போய்விட்டுக் கத்தும். திட்டாதீர்கள், விளிம்பைத் தாழ்த்துங்கள்.

கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் டப் போதும். பூனையின் மூக்கிலிருந்து வால் அடிவரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் பாருங்கள்; சாதாரணப் பூனைக்கு 65 முதல் 70 செ.மீ. வரும். ஒரு பக்கச் சுவரில் 20 செ.மீ. அகலத்துக்கு வாசல் வரைந்து, தரையிலிருந்து 5 செ.மீ. மட்டும் விட்டு மேலே உள்ளதை கட்டர் கத்தியால் வெட்டி எடுங்கள். வாசலின் கீழ்மூலை இரண்டிலும் முதலில் சின்னத் துளை போட்டுவிட்டு வெட்டினால் விரிசல் ஓடாது. வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, துணி டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வயிற்றில் கீறும். மற்ற மூன்று சுவர்களும் உயரமாகவே இருக்கட்டும். குனிந்து உட்கார முடியாத பூனை நின்றபடியே போகும், சிறுநீர் சுவருக்கு மேலே பீறிடும். வாசலுக்கு வெளியே பழைய செய்தித்தாள்.

லிட்டர் மண் 3 செ.மீ. போதும், ஆழமானால் கால் புதைந்து தடுமாறும். வாசனை கலந்தது வேண்டாம். தினமும் காலையில், சிறுநீர் பட்டு இறுகிய மண் கட்டிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனை நிறையக் குடித்து நிறையப் போகும். கட்டிகள் திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ நோட்டுதான் முதலில் சொல்லும்.

படி 5: தண்ணீர், சாப்பாடு, மாத்திரை

கிண்ணங்களை ஒரு மணைமேல் வையுங்கள். கழுத்தும் தோளும் வலிக்கிற பூனை குனியத் தயங்கும். தண்ணீர் இரண்டு இடத்தில், அகலமான பீங்கான் கிண்ணத்தில், ராத்திரிக்குப் புதிதாக ஊற்றி வைக்க வேண்டும். பால் வேண்டாம், பெரும்பாலான பெரிய பூனைகளுக்கு வயிற்றோட்டம் கொடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். குழம்பில் கிடந்த மீனும் கூடாது; வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஒரு நாள் சாப்பாட்டை நான்கைந்தாகப் பிரித்து, பெரிய பங்கைப் படுக்கப்போகும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பசித்த வயிறு விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பும். பாக்கெட் ஈரச் சாப்பாட்டை வெந்நீரில் பாக்கெட்டோடு வைத்து, விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும்படி கொடுங்கள்; மோப்பம் குறைந்த மூக்குக்கு வாசம் எட்டும். மிச்சத்தை விடிய விடிய விடாதீர்கள், நம் வெயிலில் கெட்டுவிடும். ராத்திரிக்குக் கொஞ்சம் உலர் தீவனம் வைத்து, எறும்பு ஏறாமல் இருக்கக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் நிறுத்துங்கள்.

மாத்திரை கொடுத்தபின் ஊசி இல்லாத சிரிஞ்சில் 3 முதல் 5 மி.லி. தண்ணீரை வாயோரமாக மெதுவாக விடுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

படி 6: படுக்கும் முன் ஒரு மணி நேரம்

தினமும் ஒரே வரிசை, ஒரே நேரம். தரையில் கயிற்றை மெல்ல இழுத்து ஐந்து நிமிட விளையாட்டு. எழ முடியாவிட்டால் கண்ணால் பின்தொடர்ந்தாலே போதும். பிறகு சாப்பாடு, மாத்திரை, மிருதுவான சீப்பால் வாரல். வாரும்போது நகத்தைப் பாருங்கள். நடக்கும்போது டைல்ஸில் 'டக் டக்' என்று கேட்டால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். கிழப்பூனையின் நகம் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தும், அந்த வலியிலும் தூங்காது. கடைசியாக லிட்டரைச் சுத்தம் செய்து, பெரிய விளக்கை அணையுங்கள்.

படி 7: நடுராத்திரியில் கத்தினால்

பெரிய விளக்கைப் போடாதீர்கள். காது கேட்காத பூனையைப் பின்னாலிருந்து தொடாதீர்கள். தரையை லேசாகக் காலால் தட்டி அதிர்வால் தெரியப்படுத்துங்கள். தொட்டி நிறைந்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்து, தணிந்த குரலில் பேசிப் படுக்கைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் தின்ன எதையாவது கொடுத்தால் சீக்கிரமே அது பழக்கமாகிவிடும்.

தூங்கியபின் மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குறுகுறுவென்று முனகும்போது எண்ணினால் கணக்குத் தப்பும். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் சரி. தொடர்ந்து அதைத் தாண்டினால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டு, அலறுவது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். தொட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டு வராத ஆண் பூனை. டார்ச் அடித்தும் கருவிழி சுருங்காமல் அகலமாகவே நிற்பது. ரத்த அழுத்தத்தால் வரும் இந்தப் பார்வை இழப்பை உடனே கவனித்தால் ஒருவேளை மீட்கலாம். வலிப்பு. இவை தவிர, ஒரு முழு நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் மறுநாள் காலையே கிளம்புங்கள், பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிடும்.

ராத்திரியும் பார்க்கும் மருத்துவமனையின் எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். கூண்டைப் பரணில் போடாமல் படுக்கைக்குப் பக்கத்திலேயே, மேல்மூடியைக் கழற்றி, உள்ளே துண்டு விரித்து வையுங்கள். பூனை அதிலேயே படுத்துப் பழகிவிட்டால், அவசரத்தில் மூடியை மாட்டித் தூக்கிக்கொண்டு போகலாம்.