பழைய ஜப்பானிய எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களில் சிறுபான்மையினரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் திரைப்படச் சங்கத்தில் புதிதாக எழுத வந்த இளைஞர்கள் சிலர், 1970களின் ஜப்பானிய எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களில், அதாவது வன்முறையையும் பாலுணர்வையும் காட்டி ஆள் சேர்த்த மலிவுப் படங்களில், யார் யார் இடம்பெற்றார்கள் என்று எழுதிய கட்டுரைகளை அண்மையில் என்னிடம் தந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் அவற்றில் இருந்தன. பெயரும் ஆண்டும் மாறிப்போவதை யாரும் திருத்திவிடலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாயகி பெண் என்பதால் பெண்களின் படம் என்று எழுதுவது

இந்தப் படங்களை எழுதியவர்களும் இயக்கியவர்களும் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள்.

முகத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். கறுப்பினச் சிப்பாய் ஒருவர், வெள்ளைக்காரப் பெண் ஒருவர் என்று எண்ணிவிட்டு, மற்ற அனைவரும் ஜப்பானியர் என்று முடித்துவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் முதலில் காணாமல் போகிறவர்கள் ஜப்பானில் வாழும் கொரியர்களே. 1952 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது ஜப்பானியக் குடியுரிமையை இழந்த அவர்களில் பலர் ஜப்பானியப் பெயர்களிலேயே வாழ்ந்தார்கள். ஆகவே திரையில் அவர்களை முகம் காட்டிக்கொடுப்பதில்லை; ஒரு வசனமோ, ஒரு தயக்கமோதான் காட்டிக்கொடுக்கும்.

ஃபுகாசாகு கிஞ்சி 1976இல் இயக்கிய 'யாகுசா கிரேவ்யார்ட்' (யாகுசா என்பது ஜப்பானியக் குற்றக் கும்பல்) படத்துக்கு நான் எழுதிய அறிமுகக் குறிப்பில், இதில் சிறுபான்மையினர் எவரும் இல்லை என்று உறுதியாக எழுதியிருந்தேன். இருநூறு பிரதிகள் அச்சாகிவிட்டன. திரையிடலுக்கு முன் அதைப் படித்த ஒரு பெரியவர், ஜப்பானில் நெடுங்காலம் பணிபுரிந்தவர், என்னை ஓரமாக அழைத்து, "காஜி மெய்கோ நடித்த பெண்ணின் தந்தை கொரியர், தம்பி. அதைச் சொல்லத்தான் அந்தப் பாத்திரமே இருக்கிறது," என்றார். படத்தின் மையத்தையே இல்லை என்று எழுதிய அந்தத் தாள்களை அன்று மாலையே குப்பையில் போட்டோம். அடுத்த திரையிடலுக்கென வைத்திருந்த பணத்தில்தான் அவற்றை அச்சிட்டிருந்தோம்.

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவின் மக்கள் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. அதே இயக்குநர் 1971இல் எடுத்த படமொன்றில், ஜப்பானின் பெருநிலத்திலிருந்து ஒரு யாகுசா கும்பல் ஒகினாவாவுக்குப் போய் அங்கு ஆதிக்கம் செலுத்த முயல்கிறது. 1972 மே 15 வரை அத்தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தது என்பதை அறியாதவர், உள்ளூர்க் கும்பல்களோடு நடக்கும் மோதலை வெறும் எல்லைத் தகராறாகவே படிப்பார்.

வில்லனின் குரலைப் படத்தின் குரலாக எடுத்துக்கொள்வது

ஹசேபெ யசுஹாரு 1970இல் நிக்காட்சு நிறுவனத்துக்கு எடுத்த 'ஸ்ட்ரே கேட் ராக்: செக்ஸ் ஹன்டர்' படத்தில், ஜீப்புகளில் சுற்றும் ஒரு கும்பல் கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த இளைஞர்களை வேட்டையாடுகிறது. தன் சகோதரிக்கு நேர்ந்த வன்கொடுமையைக் காரணம் காட்டி அதன் தலைவன் கக்கும் வெறுப்பை மட்டும் மேற்கோள் காட்டி, படமே இனவெறி கொண்டது என்று எழுதிவிடுகிறார்கள். தொலைந்த தங்கையைத் தேடி வரும் கலப்பின இளைஞனையும், அவன் பக்கம் நிற்கும் காஜியின் நாயகியையும் கவனித்தால், படம் யாரோடு நிற்கிறது என்பது விளங்கும். ஆயினும் அதே படம் பெண்கள் மீதான வன்முறையைக் காட்சிப் பொருளாக்குகிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

சப்டைட்டிலின் ஒற்றைச் சொல்லை நம்புவது

கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்களைக் குறிக்கும் ஜப்பானியச் சொற்களில் 'ஐனோகோ' என்பது வசை, 'ஹாஃபு' என்பது பேச்சுவழக்கு, 'கொன்கெட்சுஜி' என்பது செய்தித்தாள்களும் பயன்படுத்திய சொல். மூன்றையும் 'கலப்பினத்தவர்' என்று ஒரே சொல்லால் தமிழில் எழுதாதீர்கள்.