பச்சை ஸ்மூத்தி பழுப்பானது எதனாலன்னு கண்டுபிடிச்சாச்சு

காலைல முருங்கைக்கீரை, வாழைப்பழம், எலுமிச்சை போட்டு ஸ்மூத்தி அடிச்சு பாட்டில்ல ஊத்தி, மொரிஷியஸ்ல எங்க ஊரு காத்ர் போர்ன்ல பஸ் ஏறி தலைநகர் போர்ட் லூயிஸ் ஆபீஸ்ல திறந்தா சேறு மாதிரி பழுப்பு, மேல நுரை, ஒரே கசப்பு.

முதல்ல கீரை பழசோன்னு சந்தையில அன்னிக்குப் பறிச்ச ப்ரெட் முரும் (முருங்கைக்கீரைக்கு இங்க அதான் பேரு) வாங்கிப் பாத்தேன், அப்படியேதான். அப்புறம் வெட்டின ஆப்பிளுக்கு எலுமிச்சை தடவுறோமேன்னு சாறை ரெண்டு மடங்கா ஊத்தினேன், இன்னும் மோசம். இதுலயே நாலு நாள் வீண்.

அஞ்சாவது நாள் தற்செயலா மிக்ஸி ஜாரைத் தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு! நார் அரையணும்னு மூணு நிமிஷம் ஓட்டிட்டு இருந்திருக்கேன். இலைக்குப் பச்சை நிறம் தர்ற குளோரோஃபில் நடுவுல மெக்னீசியம் இருக்கும், புளிப்பு பட்டா அது கழண்டு நிறம் மங்கிடும், சூடு சேந்தா இன்னும் வேகமா. ஆப்பிளுக்கு உதவுற எலுமிச்சை பச்சை இலைக்கு எதிரி, இதைத்தான் நான் கவனிக்கல. நுரைல இருக்குற காத்து வாழைப்பழத்தையும் கறுக்க வைக்கும்.

இப்ப காம்பு ஒண்ணு விடாம உருவிட்டு, ஒரு கைப்பிடி இலையை ஐஸ் தண்ணில மட்டும் முதல்ல 40 செகண்ட் அடிக்கிறேன், அப்புறம் ராத்திரியே ஃப்ரீசர்ல வச்ச வாழைப்பழத்துண்டு போட்டு இன்னொரு 20 செகண்ட், பாட்டிலை விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடிடுவேன். எலுமிச்சை தனியா பையில வரும், குடிக்கும்போதுதான் பிழியறது, கீரையோட இரும்புச்சத்து உடம்புல சேர வைட்டமின் சி வேணும், அதனால அதை விடல. ரெண்டு வாரமா மத்தியானம் வரைக்கும் பச்சையாவே இருக்கு, அப்பாடா.