டிமென்ஷியா ஆய்வுக்கு வரும் இளையவர்களுக்கு வழிகாட்டுவது எப்படி

என் குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரம், டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்காக வருபவர்களைப் பார்க்கும் நினைவாற்றல் கிளினிக்கில் உட்கார வைப்பேன். எலி மூளையைச் சீவிப் பார்க்க வந்தவராக இருந்தாலும் சரி, கணினியில் மரபணுத் தரவை அலச வந்தவராக இருந்தாலும் சரி. வேறு வேலை கிடையாது. பார்க்க வேண்டும், வாரக் கடைசியில் கேள்விகளோடு வர வேண்டும். வழிகாட்டியாக இருக்க நினைக்கிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

அப்படி உட்கார்ந்த ஒரு மாணவி, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் பார்க்கும் எம்எம்எஸ்ஈ சோதனையில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். ஒரு மூதாட்டி பென்சிலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் போனதும் மாணவி கேட்டார்: “இவங்களுக்கு வரையறது மறந்துபோச்சா மேடம், இல்ல பென்சிலே பிடிச்சதில்லையா?”

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். அதையே ஆய்வாக்குங்கள். நாங்கள் மொகா என்ற, அதே மாதிரி இன்னொரு சோதனையின் விதியை எடுத்து வைத்துப் பேசினோம். 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறார்கள். பள்ளிப்படிப்பை முடித்தவருக்கும் ஒன்றுதான், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கும் ஒன்றுதான். அது போதுமா என்று தரவில் பார்ப்பதே அந்த மாணவியின் முதல் வேலையாயிற்று.

பலதரப்பட்டவர்கள் இந்தத் துறைக்கு வந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். 2021 கணக்கில் உலகில் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா. அவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். நம் பெரிய ஆய்வுகளில் இருப்பவர்களோ பெரும்பாலும் படித்த வெள்ளையர்கள். ஏபிஓஈ4 என்ற மரபணு வகை, டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயின் அபாயத்தை எவ்வளவு கூட்டுகிறது என்பதே வம்சாவளிக்கு வம்சாவளி மாறுகிறது. ஒரே மாதிரி ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் இதையெல்லாம் கேட்க யாருக்கும் தோன்றாது.

திட்டம் கொடுக்கும்போது காலத்தைப் பாருங்கள். நோய் முற்ற ஆண்டுகள் ஆகும்; இளையவரின் ஒப்பந்தமோ இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். அதனால் இரண்டு திட்டங்கள் கொடுங்கள். ஒன்று, ஏட்னி என்ற அல்சைமர் ஆய்வுத் தரவுத் தொகுப்பு மாதிரி ஏற்கெனவே இருக்கும் தரவில் சீக்கிரம் முடிவது. இன்னொன்று, மெதுவாக வளரும் அவருடைய சொந்தக் கேள்வி. முதலாவது கட்டுரையாக வெளிவரும், இரண்டாவது அவரை ஆய்வாளராக்கும்.

அடுத்து நான் அதிகம் கவலைப்படும் விஷயம். சிறுபான்மைச் சமூகத்திலிருந்து வந்த இளையவருக்கு அந்த மக்களின் மொழி தெரியும். உடனே ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்க்க அவர், குடும்பங்களைச் சம்மதிக்க வைக்க அவர், பன்முகத்தன்மைக் குழுவில் உட்கார அவர், குழுப் புகைப்படத்தில் முன்வரிசையிலும் அவர். கூட வந்தவர்கள் அந்த நேரத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். வழிகாட்டி குறுக்கே நின்று தடுக்க வேண்டிய இடம் இது. அவரைத் தேடி வரும் வேண்டுகோள்கள் முதலில் உங்களிடம் வரட்டும். “முடியாது” என்பதை நீங்கள் சொல்லுங்கள். அவரே விரும்பிச் செய்தால் அது ஆய்வுப் பணி. சம்பள நேரத்தில் சேருங்கள், கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் போடுங்கள், பரிந்துரைக் கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.

பெயர், பதவி பற்றிய பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் 1872இல் லைபீரியாவில் பிறந்த கறுப்பின மருத்துவர். அந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமரிடமே மியூனிக்கில் பயிற்சி பெற்றவர். 1912இல் அல்சைமர் நோய் பற்றி விரிவாக எழுதியவர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் துறைத் தலைவரின் வேலையைப் பல ஆண்டுகள் அவர்தான் பார்த்தார், பதவி மட்டும் தரவில்லை. தன்னைவிட இளைய வெள்ளையர் ஒருவரை அதில் அமர்த்தியபோது, 1933இல் விலகினார். புதிதாக வருபவர்களுக்கு இவரைப் பற்றிச் சொல்வேன். அப்புறம் ஒரு தாளை எடுத்து, யார் முதல் ஆசிரியர், யார் என்ன செய்கிறார் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்வோம்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் விட்டுவிடக் கூடாது. கிடைத்த நிதி விண்ணப்பத்தோடு நிராகரிக்கப்பட்டதையும் மதிப்பீட்டாளர் குறிப்புகளோடு படிக்கக் கொடுங்கள். கருத்தரங்குப் பயணச் செலவை முன்பணமாக வாங்கிக் கொடுங்கள். போட்டுவிட்டு அப்புறம் வாங்கிக்கொள் என்றால், கையில் காசில்லாதவர் வராமலே இருந்துவிடுவார். வரைவைத் திருத்தும்போது முதலில் வாதம், மொழி கடைசியில். உங்களிடம் சொல்ல முடியாததைச் சொல்ல, குழுவுக்கு வெளியே இன்னொரு மூத்தவரை அறிமுகப்படுத்துங்கள்.

இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பலருக்கு வீட்டிலேயே தாத்தாவோ பாட்டியோ இந்த நோயோடு இருப்பார்கள். அதை நிதி கேட்கும் மேடையில் சொல்லச் சொல்லாதீர்கள். பார்த்துக்கொள்ள லீவு கேட்டால் காரணம் துருவாமல் கொடுங்கள்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது உட்கார்ந்து பேசுங்கள்: எந்தக் கேள்வியை அவர் தன்னோடு கொண்டுபோகிறார், எந்தத் தரவை, எந்தக் கட்டுரையை. அதில் நீங்கள் போட்டியிட மாட்டீர்கள் என்பதையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.