ஈறு அறுவைக்குப் பின் எலும்பு எவ்வளவு நிரம்பியது? இமேஜ்ஜேயில் அளக்கும் முறை

வேரை ஒட்டிச் செங்குத்தாக இறங்கிய எலும்புக்குழியில் கிராஃப்ட் (எலும்புக்குழியை நிரப்பும் பொருள்) வைத்து மூடியாயிற்று. ஆறு மாதம் கழித்து நோயாளி வந்திருக்கிறார். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எண்ணில் சொல்ல வேண்டும். பல் மருத்துவ முதுநிலை மாணவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: இரண்டு எக்ஸ்ரேக்களும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். பாரலலிங் முறைதான் (பல்லுக்கு இணையாக ஃபிலிமை வைத்து எடுப்பது). ஃபிலிமைப் பிடிக்கும் ஹோல்டரின் கடிபலகையில் புட்டியை (பல் அச்செடுக்கும் பிசைபொருள்) வைத்துக் கடிக்கச் சொல்லி, அந்த அச்சில் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே பள்ளத்தில் அதே பல் உட்காரும். அளவுகோலாக, புட்டியில் பல்லருகே 5 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றைப் பதித்துவிடுங்கள். கம்பித் துண்டு சாய்ந்தால் குட்டையாகத் தெரியும். குண்டில் அந்தத் தொல்லை இல்லை.

படி 2: படத்தை டிஃப் கோப்பாகச் சேமித்து இமேஜ்ஜேயில் திறவுங்கள். இலவச மென்பொருள்தான், இந்த வேலைக்குக் காசு கொடுத்து வேறொன்று வாங்குவது தண்டம்.

படி 3: ‘செட் ஸ்கேல்’. குண்டின் விட்டத்தின் மேல் கோடு இழுத்து, 5 மி.மீ. என்று கொடுங்கள். அங்கே ‘குளோபல்’ என்றொரு சிறு பெட்டி இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

நான் தொட்டேன். முதல் படத்தின் அளவுகோல் இரண்டாவது படத்துக்கும் தானாகவே போய்விட்டது. இரண்டாவதோ கைபேசி வழியாக வந்து சுருங்கிய படம். சி.இ.ஜே.யிலிருந்து (எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோடு) குழியின் அடிவரை முன்பு 8 மி.மீ., இப்போது 4. குழியின் ஆழம் (எலும்பு முகட்டிலிருந்து அடிவரை) முதலில் 5 என்பதால் 80 சதவீதம் நிரம்பிவிட்டது! அன்று மாலை முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் ஏதோ தோன்றி வேரையும் அளந்தேன். 13 மி.மீ. இருந்த வேர் 10 ஆகியிருந்தது. எலும்பு வளரலாம், வேர் எப்படிக் குட்டையாகும்?

மூலக் கோப்பை வாங்கி மீண்டும் அளந்தேன். வேர் 12.5, அடிவரை 5. மிச்ச அரை மி.மீ. கோணத்தால் வந்தது. 13-ஐ 12.5-ஆல் வகுத்தால் 1.04, அதை 5-ஆல் பெருக்கினால் 5.2. நிரம்பியது 2.8 மி.மீ., அதாவது 56 சதவீதம். அன்றிலிருந்து வேரை அளக்காமல் எதையும் அளப்பதில்லை.

படி 4: குழியின் அடி எது? வேரை ஒட்டிய மெல்லிய கருங்கோட்டை நுனியிலிருந்து மேல்நோக்கித் தொடருங்கள். அது விரியத் தொடங்கும் இடமே அடி. எலும்பு முகட்டையும் தனியாகக் குறியுங்கள். முகடு தேய்ந்தாலும் குழியின் ஆழம் குறையும்; அது வளர்ச்சிக் கணக்கில் சேராது.

பின்சேர்க்கை: கிரவுன் (பல்லுக்கு மேல் மாட்டும் செயற்கை உறை) போட்ட பல்லில் சி.இ.ஜே. தெரியவில்லையே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கிரவுனின் விளிம்பிலிருந்து அளக்கலாம், இரண்டு படங்களிலும் அதே கிரவுன் இருந்தால்.

இன்னொருவர் இதை ‘எலும்பு மறுவளர்ச்சி’ என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டார். கூடாது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் கிராஃப்டை வைத்த மறுநாளே படம் எடுத்தாலும் குழி நிரம்பியதுபோலத்தான் இருக்கும். புது எலும்பும் சிமெண்டமும் (வேரை மூடிய மெல்லிய படலம்) இரண்டையும் பிணைக்கும் இழைகளும் வந்தனவா என்பது திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ‘எக்ஸ்ரேயில் நிரம்பிய அளவு’ என்று எழுதுங்கள்.