ஐந்தாம் மாதத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

கர்ப்பிணி ஊருக்குப் போக எந்தக் காலம் உகந்தது என்று கேட்டால், மருத்துவர்கள் நடு மாதங்களைத்தான் சொல்வார்கள். மசக்கை பெரும்பாலும் அடங்கியிருக்கும். வயிறு இன்னும் நடையைத் தடுக்காது. உடம்பைப் பொறுத்தவரை அது சரி. லண்டனிலிருந்து கும்பகோணம் பக்கம் போன எனக்கு உடம்பு பெரிய தொல்லை எதுவும் தரவில்லை. காகிதங்களும் உறவுகளும் தந்தன.

முதலில் கணக்கு. ஊரில் நடக்கிற மாதத்தையும் சேர்த்து மாதக் கணக்கு சொல்வார்கள். விமான நிறுவனத்துக்கு வாரக் கணக்குதான். 28 வாரம் ஆனால் பல நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்குப் பிறகு பொதுவாக ஏற்றாது, இரட்டைப் பிள்ளை என்றால் 32. பார்க்க வேண்டியது திரும்பும் தேதியை. ஏழாம் மாத வளைகாப்புக்கு நல்ல நாள் தேடி, அது கொஞ்சம் தள்ளிப் போனாலும் இந்த எல்லையில் வந்து முட்டும். பயணக் காப்பீடு கர்ப்பச் சிக்கல்களை எத்தனையாவது வாரம் வரை ஏற்கிறது, குறைமாதத்தில் பிறந்தால் குழந்தைக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஸ்கேன். உறுப்புகளின் வளர்ச்சியைப் பார்க்கும் 20 வார ஸ்கேனை முடித்துக்கொண்டே புறப்படுங்கள். நான் முடித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் ஒருநாள் இரவு அடிவயிற்றின் ஓரத்தில் சுரீரென்ற வலி. காலையில் பார்த்த மருத்துவர் நல்லவர். எதற்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே தொடங்கியது வினை.

ஸ்கேன் சென்டரில் முகவரியுள்ள அடையாள அட்டை கேட்டார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் முகவரி அச்சிட்டிருக்காது. ஆதார் என்னிடம் இல்லை. கணவர் எங்கே என்றார்கள். லண்டனில் என்றேன். தனியாகவா வந்தீர்கள் என்ற கேள்வி எந்தப் படிவத்தில் இருக்கிறதோ தெரியவில்லை, அதையும் கேட்டார்கள். பிறகு பிக்மி எண். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து தருகிற எண் அது. இங்கே பிள்ளை பெறுகிறவருக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அது வேண்டும். லண்டனில் பெறப்போகிறவளுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, கணினி கேட்கிறது என்று பதில்.

ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். அழுகிற குழந்தைகளுக்கு நடுவே இருந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நொடி என் வயிற்றையும் செருப்பையும் பார்த்தார். "இங்கே பிரசவம் இல்லை என்றால் எண் எதற்கு? டாக்டரைப் பேசச் சொல்லுங்கள்" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான வாக்கியம் அது. மருத்துவர் தொலைபேசியில் பேசிய பிறகு, மத்தியானம் தாண்டி உள்ளே விட்டார்கள். கருப்பையைத் தாங்கும் தசைநார் இழுபட்ட வலிதான். நடு மாதங்களில் சகஜம் என்றார்கள்.

ஸ்கேன் எடுக்கும் கர்ப்பிணிகளிடம் நிரப்பி வாங்கும் படிவம் எஃப் மீது எனக்குக் கோபம் இல்லை. உயிரோடுள்ள பிள்ளைகள் எத்தனை, ஆணா பெண்ணா, யார் அனுப்பியது என்றெல்லாம் கேட்கும். குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று கையெழுத்தும் வாங்கும். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. அந்தப் படிவம் ஏன் வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலினத்தைச் சொல்வது மருத்துவருக்குச் சிறைவரை போகும் குற்றம். விளையாட்டுக்குக்கூட அங்கே கேட்காதீர்கள்.

ஆனால் வாசலில் அத்தை காத்திருந்தார். "இவர்கள் சொல்லமாட்டார்கள். லண்டனில்தான் சொல்லிவிடுவார்களே, உனக்குத் தெரியுமே?" என்றார். தெரியும். சொல்லவில்லை. ஆட்டோவில், சாப்பிடும்போது, திருக்கருகாவூர்க் கோயில் வரிசையில் நிற்கும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தைக்கு மூன்றும் பெண்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் அவர் கேட்ட பேச்சுகளை நான் சிறுவயதில் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். அதனால்தான் அவரிடம் எரிந்து விழ முடியவில்லை. அதனால்தான் சொல்லவும் முடியவில்லை. புறப்படும் முன்பே கணவனும் மனைவியும் பேசி ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் கணவரையும் தனியாகக் கேட்பார்கள்.

திருக்கருகாவூர்க் கோயிலில் கர்ப்பிணிகளுக்குத் தருகிற விளக்கெண்ணெய் வயிற்றில் தடவத்தான், குடிக்க அல்ல. உச்சி வெயிலில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள். நடு மாதங்களில் இரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கும், கண் இருட்டும். டிகிரி காபிக்கும் கணக்கு உண்டு: இங்கிலாந்தில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீன் வரை என்கிறார்கள். பித்தளை டபரா அதைக் காட்டாது. குங்குமப்பூப் பாலைக் குடியுங்கள், நிறத்தைப் பற்றிய பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனை உண்டு. தெற்காசியப் பெண்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதால் பயணத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். இரத்தப்போக்கோ நீர்க்கசிவோ விடாத தலைவலியோ என்றால் உறவினரிடம் யோசனை கேட்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியத் தொடங்கும், முதல் பிள்ளை என்றால் 20 வாரம் தாண்டவும் செய்யலாம். எனக்கு ஊரில்தான் நன்றாகத் தெரிந்தது. அம்மா இரவெல்லாம் வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தார். வெளியே இருக்கும் கைக்கு எட்ட அநேகமாக இன்னும் சில வாரங்கள் ஆகும். அதை அம்மாவிடம் சொல்லாமல், "இதோ, இப்போது" என்று பொய் சொன்னேன். அந்த வாரங்களில் நான் அங்கே இருக்கப்போவதில்லை.

ஆகவே பிரசவத்துக்கு அம்மாவை அழைக்க நினைப்பவர்கள் ஊரில் இருக்கும்போதே அவருடைய வங்கிக் கணக்கு விவரங்களையும் சொத்துக் காகிதங்களையும் எடுத்து வைத்துவிடுங்கள். பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். அத்தைக்கும் சேர்த்துப் போட்டால் என்ன என்று அம்மா கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.